நகரும் அறையும் நம் நிதானமும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரயாணம் புதிதன்று. திருமணத்துக்குத் திருநெல்வேலி, வேண்டுதலுக்குத் திருச்செந்தூர், விடுமுறைக்குப் பொன்முடி என்று ஆண்டு முழுவதும் மூட்டை கட்டுகிறவர்கள் நாம். இப்போது இருந்த இடத்திலேயே உண்டு உறங்கிச் செல்லும் வீட்டு வண்டிகளும் நம் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. சினிமா நடிகர்களின் வாகனம் என்று நாம் அறிந்திருந்த 'கேரவன்' பொதுமக்களுக்கும் கிட்டும்படி, கேரள அரசின் சுற்றுலாத் துறை 2021-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் திறக்கப்பெற்றது. அன்றியும், அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் பிள்ளைகள், பார்க்க வந்த பெற்றோரை இத்தகைய வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவதும் பெருகி வருகிறது.

அவ்வண்டிகள் பலவற்றில் 'ஸ்லைடு-அவுட்' எனப்படும் நகரும் அறை உண்டு. வண்டியை நிறுத்தியபின் ஒரு பொத்தானை அழுத்தினால், சோபாவோடும் கட்டிலோடும் கூடிய சுவர்ப் பகுதி வெளியே நகர்ந்து உள்ளே இடம் அகலும். புறப்படுமுன் மறுபடி அழுத்தினால் அது உள்ளே வந்து அடங்கும். தானே ஓடும் வீட்டு வண்டிகளில் இவ்வமைப்பை 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து நியூமர் நிறுவனம் கொண்டுவந்தது. வசதி பெரிது. ஆனால் அவசரக் கையில் அகப்பட்டால் அதனால் நேரும் சேதமும் பெரிது. ஒரு வார விடுமுறைக்காகச் சேர்த்த பணம் ஒரு நிமிடத்தில் பழுதுக் கூலியாகிவிடும். அதனினும் கொடியது, குழந்தையின் விரல் நசுங்குவது. ஆகவே இதைப் பற்றி இம்மாதம் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

நம் வீட்டு மேசையின் இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒன்றாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு பக்கம் முந்தினால் கோணி இறுகும். அதன்மேலும் பலங்கொண்டு இழுத்தால் பலகை பிளக்கும். நகரும் அறையும் ஒரு பெரிய இழுப்பறையே. பற்சக்கரத்தாலோ, கம்பி வடத்தாலோ, எண்ணெய் அழுத்தத்தாலோ அது நகர்த்தப்படுகிறது. எவ்வகையாயினும், இரு பக்கமும் சமமாக நகர வேண்டும், வழியில் தடை இருக்கக் கூடாது என்னும் இரண்டே விதிகள்தாம். நேரும் விபத்துகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றை மறந்ததன் பயனே.

முதலில், வண்டியை உறுதியான சமதரையில் நிறுத்துக. சாய்ந்த தரையில் வண்டியின் சட்டம் முறுகும், அறையும் கோணும். வண்டியைச் சமன் செய்தபின் அறையைத் திறப்பதா, அதற்கு முன்பா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதை உரிமையாளரிடமோ கையேட்டிலோ தெரிந்துகொள்ளாமல் பொத்தானைத் தொடக் கூடாது. பேட்டரியின் வலுவும் முக்கியம். வலுக்குறைந்த பேட்டரியில் மோட்டார் திணறும். அறை பாதி வழியில் நிற்கும்.

அடுத்து, பூட்டு. ஓட்டத்தில் அறை அசையாதிருக்கச் சில வண்டிகளில் பூட்டுக் கம்பிகள் மாட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் பொத்தானை அழுத்தினால் மோட்டாரும் பூட்டும் மல்லுக்கு நிற்கும். இரண்டில் ஒன்று உடையும். அறையை உள்ளே இழுத்தபின் அவற்றை மீண்டும் மாட்டாமல் புறப்படுவதும் அத்துணைப் பிழையே. அறை வெளியே நீண்டிருக்க வண்டியை ஓர் அடியும் நகர்த்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, இடம். அறை ஒன்றரை அடி முதல் மூன்று அடி வரை, சிலவற்றில் அதற்கு மேலும் வெளியே நீளும். அந்த அளவுக்கும் மேலாக ஒருவர் தாராளமாக நடந்து செல்லும் இடம் இருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். மரக்கிளை, விளக்குக் கம்பம், பக்கத்து வண்டி, திறந்து கிடக்கும் நம் வண்டியின் சாமான் கதவு ஆகிய இவைதாம் வெளிப்புறத்துப் பகைகள். உள்ளேயோ, திறந்த அலமாரிக் கதவு, பாதி இழுத்த இழுப்பறை, பின்னுக்குத் தள்ளிய ஓட்டுநர் இருக்கை, சுருண்ட விரிப்பு, பாட்டியம்மாளின் ஊன்றுகோல், குழந்தையின் செருப்பு. ஒரு செருப்பு போதும், அறையைக் கோணச் செய்வதற்கு.

இதற்கு நாம் கூறும் வழி எளியது. பொத்தானை ஒருவர் அழுத்தட்டும். மற்றொருவர் வெளியே நின்று பார்க்கட்டும். 'நில்' என்றவுடன் விரல் எடுபட வேண்டும். அவ்விருவரையன்றி வேறெவரும் அப்போது ஆணையிடலாகாது. குழந்தைகளை ஓரிடத்தில் உட்காரவைத்து, முதியவர்களிடம் சொல்லிவிட்டே தொடங்குக. அழுத்திய பொத்தானை, வேறு காரணமின்றி, அறை முழுவதும் நகர்ந்து முடியும்வரை விடாமல் இருப்பதே நன்று. பாதியில் விட்டும் திருப்பியும் விளையாடினால், சில வகை அமைப்புகளில் இரு பக்க மோட்டார்களும் இணக்கம் தவறும்.

நம் ஊர் மழையையும் மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கும் ஊர் இது. நீண்டு நிற்கும் அறையின் கூரையில் நீர் தேங்கும். இலையும் சுள்ளியும் சேரும். அப்படியே உள்ளே இழுத்தால், நீர் கட்டிலின்மேல் கொட்டும். சுள்ளி ரப்பர் விளிம்பைக் கிழிக்கும். ஆகவே இழுக்குமுன் நீண்ட துடைப்பத்தால் கூரையைக் கூட்டித் துடைத்துவிடுக. ரப்பர் விளிம்பு உட்புறமாக மடிந்திருந்தால், கூர்மையற்ற மெல்லிய மரச்சில்லால் மெல்ல நிமிர்த்துக. ரப்பருக்குப் பெட்ரோலிய மசகு ஆகாது. அதற்கென விற்கும் பூச்சையே இடவேண்டும். தண்டவாளத்தில் கண்ட எண்ணெயை ஊற்றினால் மணல் ஒட்டி அரத்தைப்போல் தேய்க்கும்.

இத்தனைக்கும் பிறகு அறை நின்றுவிட்டால்? பதறிய காரியம் சிதறும். மீண்டும் மீண்டும் அழுத்துவதும், நாலுபேர் கூடித் தள்ளுவதும் சிறு தடையைப் பெரும் பழுதாக்கும். நிறுத்தி, உள்ளும் புறமும் தடை தேடுக. பேட்டரியையும் ப்யூஸையும் பார்க்க. ப்யூஸ் எரிந்திருந்தால் அதே அளவுடையதையே மாற்றுக. பெரியதைப் போட்டால் கம்பியே எரியும். கையால் நகர்த்தும் ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. கையேட்டில் கண்டபடி மட்டும் அதைக் கையாள்க. எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதில் கசிவு கண்டால் விரலால் தடவிப் பார்க்கலாகாது. அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும்.

சேதம் நேர்ந்தேவிட்டால், முதலில் ஆட்களைப் பார்ப்போம், பிறகு வண்டியை. வெளிச்சுவரில் சிராய்ப்போ வெடிப்போ கண்டால், உலரத் துடைத்து, நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுவதே அவ்வேளைக்குப் போதும். உடைந்த இழுப்பறை முகப்பை, வண்டி நமதாயின், மரப்பசை தடவி இறுக்கிக் கட்டி உலரவிடலாம். வளைந்த தண்டவாளம், அறுந்த வடம், கோணி இறுகிய அறை ஆகியவை தேர்ந்த மெக்கானிக்கின் கையில் சேர வேண்டியவை.

வாடகை வண்டியாயின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எடுக்கும்போதே நாற்புறமும் நகரும் அறையின் விளிம்புகளையும் படமெடுத்து வையுங்கள். அறையை ஒருமுறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சேதம் இன்ஷ்யூரன்ஸில் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கீறல் விழுந்தால் அன்றே உரிமையாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். பணம் போகுமே என்று அதை மறைப்பவர் உண்டு. அந்த வெடிப்பின் வழியே ஒரு மழை இறங்கினால் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை ஊறும், மேல்தகடு உரியும், தரை மெத்தென்றாகும். நகத்தால் கிள்ள வேண்டியது கோடரிக்கு வளர்ந்துவிடும். அதற்குள் அவ்வண்டியில் வேறொரு குடும்பம் ஏறியிருக்கும். அல்லது செய்யாத குற்றத்துக்கு ஓர் ஓட்டுநரின் கூலி பிடிக்கப்பட்டிருக்கும். நாம் தப்பிய நட்டம் நீங்கிவிடுவதில்லை. நம்மிலும் எளியவர் தலையில் அது விழுகிறது.

பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். அதற்குமுன் இறங்கி ஒரு சுற்று நடந்து பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும். விடுமுறைக்குப் புறப்படும் நம் அன்பர்கள் அந்த இரண்டு நிமிடத்தையும் பிரயாணக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வார்களாக.