காபியில் ஒரு முகம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தனின் முகத்தை வரைய கலர் பாக்ஸ் தேவையில்லை. இன்ஸ்டன்ட் காபித்தூள், தண்ணீர், பிரஷ், தடிமனான காகிதம் போதும். முறுக்கு மீசைக்குக் கெட்டியான கலவை; கன்னத்துக்கு நீர்த்தது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் அடிப்பூச்சும் கரைந்து வந்துவிடும். காபியில் வெள்ளை கிடையாது. கண்ணில் மின்னும் ஒளிக்குக் காகிதத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

பக்கத்து ஊரான சிதம்பரத்தில், சிவகாமியம்மன் சந்நிதி மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். காபிச் சாயத்துக்கு அந்த ஆயுள் இல்லை. வெயில் பட்டால் வெளுக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மறைந்த தாத்தா, பாட்டியைக் காபியில் வரைபவர்கள் முதலில் அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.