அடுக்களைக் கணக்கும் வட்டிக் கணக்கும்

கடன் என்றதும் இலங்கை வேந்தனின் நெஞ்சத்தை நினைவுகூராத தமிழ்ப் பேச்சாளர் இல்லை. கம்பன் பெயரால் மேடைதோறும் முழங்கப்படும் அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை என்று தமிழாசிரியர்கள் பலமுறை சொல்லியாயிற்று, முழக்கம் ஓய்ந்தபாடில்லை. வரி யாருடையது என்பது இருக்கட்டும். கடனை ஒரு நெஞ்சக் கலக்கமாக, மானப் பிரச்சினையாக அது காட்டுவதால்தான் நமக்கு அவ்வளவு பிடித்துப் போயிருக்கிறது என்று தோன்றுகிறது. கடன்பட்டவனின் நெஞ்சைப் பார்த்த அளவுக்கு அவன் வீட்டு அடுக்களையை நம் இலக்கியம் பார்த்ததில்லை. விதிவிலக்காக உடனே நினைவுக்கு வருபவர், எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன். அவருடைய ‘ஒருநாள் கழிந்தது’ கதையின் முருகதாசரிடம் வறுமை அன்றாடச் செலவாகவும் கைமாற்றாகவும் வருகிறது, தத்துவமாக வருவதில்லை.

அந்தப் பார்வையின் துணையோடு ஒரு சின்னக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கடனில் இருக்கும் ஒரு வீட்டில், ஒரு குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அந்த வீடு எப்படி நடக்கும்? எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு என்பதால் இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லை.

திருமுதுகுன்றம் என்று பதிகங்கள் பாடும் விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் பழமலைநாதர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் அறிவார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இது பீங்கான் ஊர். அருகே நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே களிமண் படுகைகள் உண்டு. பொம்மைகளும் மின்காப்புப் பீங்கான்களும் செய்யும் சிறு பட்டறைகள் இங்கே வேரூன்றியதற்கு அந்த அண்மை ஒரு காரணம். மழைக்காலத்தில் பச்சைப் பொம்மை காயாது. காயாததைச் சூளையில் வைக்க முடியாது. வைக்காத சூளைக்குக் கூலி கிடையாது. அந்த வாரங்களை நிரப்புவது கடன். பதினொரு மாத மதிப்பூதியத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்துக் கட்டும் எங்களைப் போன்ற விரிவுரையாளர் வீடுகளுக்கும் ஒரு மழைக்காலம் உண்டு. அது மே மாதத்தில் வரும்.

இங்கு புழங்கும் கடன்களில் தண்டல் எளிமையானது, ஆகவே கொடியது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது அந்தத் தொகையில் ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதிக்குத்தான் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்கு நூறைத் தாண்டும். ‘பத்து வட்டி’ என்று சாதாரணமாகச் சொல்லப்படுவதும் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு நூற்று இருபது. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. தண்டல்காரரின் இருசக்கர வாகனமும் தினம் காலையில் தெருவுக்கு வருகிறது.

இனி மற்றதற்கு வருவோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தைக் குளூட்டன் என்கிறார்கள். பரோட்டா மாவுக்கு இழுவை தருவது அதுதான். சீலியாக் நோய் உள்ளவரின் உடல் குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துக்கொள்கிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. சோகை, வயிற்றுப்போக்கு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு என்று அது பல வேடங்களில் வரும். நோயைப் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுதும் அந்தத் தானியங்களை விலக்குவது ஒன்றே வழி. இந்த உண்மை உறுதிப்பட்ட வரலாறும் ஒரு பஞ்சத்தோடு பின்னியிருக்கிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்து வந்தார். 1944-45 பட்டினிக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. ஊரே பட்டினி கிடந்தபோது சில குழந்தைகள் பிழைத்தன.

இது வடநாட்டு நோய் என்ற எண்ணம் இங்கே பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு ஹரியானா, அசாம், வேலூர்ப் பகுதிகளில் பெரியவர்களைச் சோதித்தது. வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. நோய்க்கு இடம் தரும் மரபணுக்கூறோ வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்பட்டது. பெரிய வேறுபாடு, மக்கள் உண்ணும் கோதுமையின் அளவில் இருந்தது. நம்மை இதுவரை காத்து வந்தது சோறுதான் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஆயிரத்தில் ஒருவர் என்ற விகிதத்தையே நீட்டிப் பார்த்தாலும், 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடியாக இருந்த தமிழ்நாட்டில் எழுபதாயிரம் பேருக்கு அந்த எதிர்ப்பொருள் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் சத்துமாத்திரையோடும் குடற்புழு மருந்தோடும் நாளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்!

எங்கள் மகளும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தாள். எங்கள் கடனின் பெரும்பகுதி அந்த இரண்டு ஆண்டுகளில் ஏறியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கோதுமையில்லாச் சாப்பாடு என்றாலே செலவு என்று நண்பர்கள் அனுதாபப்படுகிறார்கள். எங்கள் கணக்குநோட்டு வேறு கதை சொல்கிறது. நோய் தெரியாத காலத்தின் பயணம், சோதனை, விடுப்பு, டானிக் இவற்றுக்குத்தான் நகை அடகுக்குப் போயிற்று. பெயர் தெரிந்த பிறகு மாதச் செலவு குறையத் தொடங்கியது. இந்நோய்க்கான ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு தேவையானால் சிறுகுடல் திசுச் சோதனை, வழி இவ்வளவுதான். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் முடிவு பொய்யாகிவிடும் என்பதை மட்டும் சந்தேகம் உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், களி, கூழ், அடை, பயறு, முட்டை, மீன், நிலக்கடலை. தமிழ்க் குடும்பத்தின் அன்றாட உணவு பெரும்பாலும் கோதுமையற்றது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வரும் அரிசியே இந்நோய்க்கான மருந்துணவின் அடித்தளம். ஆகவே எங்கள் முதல் விதி, கோதுமைப் பண்டத்தின் போலியை வாங்குவதில்லை என்பது. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட ரொட்டியும் பிஸ்கட்டும் சாதாரணப் பொட்டலத்தைவிடப் பன்மடங்கு விலை. இல்லாத ரொட்டியின் நிழலுக்குக் கொடுக்கும் காசு அது. கடலைமிட்டாய், பொரியுருண்டை, வேகவைத்த கடலை என்று விருத்தாசலத்துத் தெருவிலேயே கிடைப்பவை அந்த இடத்தை நிரப்புகின்றன.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கோதுமை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ரவை, சேமியா, மைதா கோதுமைதான் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. கேழ்வரகுச் சேமியாப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் கோதுமை மாவு இருக்கும். மால்ட் பானம் என்றால் பார்லி. கடைச் சத்துமாவில் கோதுமை சேர்வது வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கலப்பது பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய் என்று நாம் சந்தேகிக்காத ஒவ்வொன்றிலும் அது ஒரு சிட்டிகை இருக்கிறது. எங்கள் வீட்டு ரசத்தில் இப்போது பூண்டும் சீரகமும் மட்டுமே. மாவு மில்லில் கோதுமை அரைத்த எந்திரத்தில் அடுத்து நம் அரிசி விழுந்தால் அதுவும் ஆகாது. அதனால் ஊறவைத்து வீட்டிலேயே அரைக்கிறோம். தனிச் சல்லடை, தனித் தோசைக்கல். இவற்றுக்குப் பணம் அதிகம் ஆகாது, நேரம் ஆகும். பட்டறையிலிருந்து இருட்டியபின் வீடு திரும்பும் ஒரு தாயிடம் இல்லாதது அதுதான்.

கடனுக்கும் இதே முறையைத்தான் கையாண்டோம்: பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிப்பது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை, எந்த வட்டிக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதினோம். தினத் தண்டல் மேலே வந்தது, உறவினர் கைமாற்று கீழே போயிற்று. மானம் கருதி முதலில் அடைக்கத் துடித்தது கைமாற்றை. கணக்கு முதலில் அடைக்கச் சொன்னது தண்டலை. உறவினரிடம் தவணை கேட்டு, எஞ்சிய நகையை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வட்டியில் வங்கியில் வைத்து, நூறைத் தாண்டிய வட்டியை முடித்தோம். கடன் ஒழிந்துவிடவில்லை, மூச்சுவிடும் அளவுக்கு மெலிந்திருக்கிறது.

இங்கே ஒரு குரல் எழும் என்பது தெரியும். நம் முன்னோர் வரகும் சாமையும் தினையும் உண்டு நோயின்றி வாழ்ந்தார்கள், அதற்குத் திரும்பினால் போதும் என்பார்கள். சங்கப் பாடல்களில் தினைப்புனமும் வரகுக்கொல்லையும் எவ்வளவு உண்டு என்பதை வகுப்பில் சொல்லிப் பிழைப்பவர்கள் நாங்கள். ஆனால் 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகும், ஒருகாலத்தில் ஏழையின் கஞ்சியாக இருந்த வரகு இன்று அலங்காரப் பொட்டலத்தில் அரிசியைவிட விலை கூடி நிற்கிறது. பழம்பெருமை பேசுபவர் இந்த விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. கம்பும் கேழ்வரகும் எட்டும் விலையில் கிடைக்கும்போது வாங்குகிறோம். மற்ற நாளில் நியாயவிலைக் கடை அரிசிதான் எங்கள் மரபு.

அப்படியானால் எல்லாம் குடும்பச் சாமர்த்தியத்தால் முடியும் என்றாகிவிடாதா? ஆகாது. சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு; அதற்கு அப்பால் அரசு நின்றாக வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஆசிரியர் எவரும் அறிவார். தொடக்கத்தில் வகுத்த அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவையாலான உப்புமாவும் கிச்சடியும் மிகுதி. கோதுமை ஆகாத குழந்தைக்கு அந்நாளில் அரிசி உப்புமாவோ பொங்கலோ என்று ஒரு மாற்று விதி எழுதப்பட வேண்டும். மருத்துவச் சான்றுள்ள ஒரு குழந்தைக்கு ஒரு தட்டுதான் கூடுதல். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கியது. மற்ற மாவட்டங்களில், முதலில் இத்தகைய குடும்பங்களுக்காவது, அதைத் தரலாம். ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சிட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. பெருங்காய டப்பாவில் கோதுமை என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடச் செய்வது அதைவிட அதிகம் பேருக்குப் பயன்படும்.

கடன் பக்கத்திலும் ஒரு வார்த்தை. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குட்பட்ட குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமுன்வடிவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் பாதி வருமானம் என்ற அந்தக் கோடு எல்லா வீட்டுக்கும் ஒன்றே. நாள்பட்ட நோயுள்ள வீட்டில் மீதிப் பாதியில் மருத்துவமும் சாப்பாடும் அடங்காது. கடன் தரும்போது வருமானத்தை எழுதிக்கொள்ளும் படிவத்தில், வீட்டில் யாருக்கு என்ன நோய், அதற்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு அதைக் கழித்துக்கொள்ள ஒரு வரி சேர்ப்பது அப்படியொன்றும் கடினமில்லை.

ஊருக்கு அருகே மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், குறையைத் தாளில் எழுதி முருகனிடம் பிராது கட்டும் வழக்கம் உண்டு. யாரால் என்ன குறை, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கட்ட வேண்டும். கடன்பட்ட நெஞ்சம் கலங்கும் என்று நாம் இத்தனை காலம் பாடியாயிற்று. கலக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, எவ்வளவு வட்டி, எந்தப் பொட்டலத்தில் என்ன மாவு, பள்ளித் தட்டில் என்ன வேண்டும் என்று எண்ணோடும் பெயரோடும் எழுதத் தொடங்கலாம். எங்கள் மகள் இந்த ஆண்டு இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். அதையும் கணக்குநோட்டில், வரவுப் பக்கத்தில், எழுதி வைத்திருக்கிறோம்.