கேட்டு எடுப்போமே!

கைக்கு அடக்கமான காமிரா ஒன்று இருந்துவிட்டால், கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடிக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

இவ்வாண்டு ஒருநாள் சுற்றுலாவாகத் தனுஷ்கோடி சென்றோம். ஒருபுறம் அமைதியான 'பெண் கடல்'. மறுபுறம் சீறும் 'ஆண் கடல்'. (அமைதி பெண்ணுக்கு மட்டும்தானா என்று பேருந்தில் ஒரே வாக்குவாதம்!) 1964 டிசம்பர் புயலில் ஒரு பயணிகள் ரயிலையும் ஊரையும் கடல் விழுங்கிற்று. தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி நிற்கின்றன. அவற்றைப் படமெடுப்பது நல்லதே. அங்கே ஓர் ஊர் இருந்ததற்கு அவையே சாட்சி. ஆனால் 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. இறந்தவர்களை எண்ணாமல், அச்சுவர்களில் ஏறி நின்று சிரித்துப் படமெடுக்கிறார்கள்.

அருகிலேயே குடிசைகளில் மீனவர் வாழ்கின்றனர். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவரை யாரோ கேட்காமலே படம்பிடிக்க, அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சுவர் பேசாது, மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்? "பாட்டி, எடுக்கலாமா?" என்றோம் நாங்கள்.

"எனக்கு வேணாம் தாயி. பேரனை எடுங்க, ஒரு படம் அனுப்பி வையுங்க" என்றார்.

மறுவாரமே தபாலில் அனுப்பிவிட்டோம்.