கிரெடிட் ஷெல் என்னும் கைமாத்து

விமான டிக்கெட்டை ரத்து செய்தால் சில சமயம் பணம் வராது, 'கிரெடிட் ஷெல்' வரும். குறித்த தேதிக்குள் அதே கம்பெனியில் பறந்தால்தான் அது பணம். தேதி தாண்டினால் வெறும் எண். வங்கிக்காரன் பார்வையில் இது வட்டியும் ஜாமீனும் இல்லாமல் நாம் கொடுக்கும் கைமாத்து.

கடன் வாங்கிய கம்பெனியே படுத்துவிட்டால்? கிங்ஃபிஷர் 2012-ல் பறப்பதை நிறுத்தியது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். இப்படித் திவாலானால் ஜாமீன் வைத்துக்கொண்ட வங்கிகளுக்குப் பின்னால்தான் பயணிகள்.

டிஜிசிஏ விதி தெளிவாகவே இருக்கிறது. பணமா, கிரெடிட் ஷெல்லா என்பது பயணியின் விருப்பம். கம்பெனி தானாகத் திணிக்கக் கூடாது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் சர்சார்ஜையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. சலுகை டிக்கெட் ஆனாலும், விமானத்தையே தவறவிட்டாலும், அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பி வர வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை!

ஊரடங்கில் முடங்கிய டிக்கெட்டுகளுக்கு 2020 அக்டோபர் 1 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது. உடனே பணம் தர முடியாத கம்பெனிகள் கிரெடிட் ஷெல் தரலாம். அதை யாருக்கும் மாற்றித் தரலாம். அதன் மதிப்பு 2020 ஜூன் வரை மாதம் 0.5%, பிறகு 0.75% கூட வேண்டும். 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தாவிட்டால் ரொக்கமாகத் திருப்ப வேண்டும்.

அன்று முடிந்தது என்றும் முடியும். காலாவதியானால் பணம் திரும்ப வேண்டும் என்பதே நிரந்தர விதியாகட்டும். அதுவரை, 'ரீஃபண்ட்' என்ற பொத்தானைத் தேடி அமுக்குங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக நாலு டிக்கெட் போடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.