விதியா கொன்றது?

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி எழுந்தது. மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்து நின்ற பிள்ளைகளும் உண்டு.

“எல்லாம் தலைவிதி” என்றனர் சிலர். விதியா? மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகி விழி நரம்பைக் கருக்கும். இது வேதியியல், விதியன்று! “கல்வராயன் மலைதான் கேடு” என்றனர் வேறு சிலர். மலையில் ஊறல் போடுவோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெத்தனால் ஆலைகளுக்குரிய பொருள். கடுக்காய் காய்க்கும் மலையில் அது காய்ப்பதில்லை!

விற்றவன் கொலைகாரன். கண்டும் காணாதிருந்தவன் கூட்டாளி. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுக் கழகத்திடம் ஒப்படைத்தது. அவர்கள் கணக்கை அங்கே தீர்க்கட்டும்.

தோழர்களே, நான் கேட்பது நம் கணக்கை! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடும் நம் இளைஞன், இரவில் குடித்துவிட்டு, “என் காசு, என் உடல், எவன் கேட்பது?” என்கிறான். உழைத்த உடம்பு வலிக்கும். அந்த வலி மெய். அவன் துணைவிக்கு வலிக்காதா? அவளும் வயலில் குனிந்தவள்தானே? அவள் கேட்டால் கை ஓங்குகிறான். விடிந்ததும், “போதையில் செய்தேன்” என்கிறான். “சாமி வந்து ஆடினேன்” என்னும் பூசாரிக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அவனுக்குச் சாமி, இவனுக்குச் சாராயம். அடித்த கை யாருடையது?

“என் உடல், என் உரிமை” என்று கருணாபுரத்துப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிப் பாருங்களேன்!