படம் எடுப்பவரைத் தடுக்காதே என்று சட்டம் சொல்லட்டும்

சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், 2025 ஜூன் 28 அன்று, கோயில் காவலாளி ஒருவர் தனிப்படைக் காவலர்களின் விசாரணையில் உயிரிழந்தார். காரில் இருந்த நகை காணாமல்போனது என்ற புகாருக்காக அவரை அழைத்துச் சென்றிருந்தார்கள். தப்பி ஓடும்போது விழுந்தார், வலிப்பு வந்தது என்று காவல்துறை தன் தரப்பை எழுதிவைத்தது. பிரேதப் பரிசோதனையோ உடலில் 44 காயங்கள் என்றது. அந்தக் காயங்கள் எப்படி வந்தன என்பதை ஊருக்குக் காட்டியது சில நொடிகளே ஓடும் ஒரு வீடியோ. கோயிலுக்குப் பின்புறம் அவரைக் காவலர்கள் அடிப்பதை, அங்கே வேலை செய்யும் ஒருவர் கழிப்பறை ஜன்னல் வழியாக மறைந்து நின்று எடுத்திருந்தார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. படம் எடுத்தவர் தன் உயிருக்குப் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுத்தார்.

ஒரு கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் அதைப் பதிவுசெய்யக் கழிப்பறைக்குள் ஒளிய வேண்டியிருந்தது. வெளியே நின்று எடுத்திருந்தால் அந்தப் படம் மிஞ்சியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரவில் வாகனச் சோதனை நடக்கும் எந்தச் சாலையிலும் இதைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்த பையனை ஏட்டு கன்னத்தில் அறைகிறார். பக்கத்து டீக்கடையில் நிற்பவர் செல்போனைத் தூக்குகிறார். உடனே அறை வாங்கிய பையனை விட்டுவிட்டு மொத்தக் குழுவும் செல்போன்காரரிடம் வந்துவிடுகிறது. “யாரைக் கேட்டு எடுக்கிற? போனைக் கொடு. லாக்கை எடு.” வீடியோவை அழிக்கச் சொல்வதோடு நிற்பதில்லை, அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் திறக்கச் சொல்லி, அங்கிருந்தும் அழித்த பிறகே போனைத் திருப்பித் தருகிறார்கள். மறுத்தால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு.

இதில் எதற்குமே சட்டத்தின் துணை இல்லை. பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பணியைத் தடுத்தல் என்றால் குறுக்கே நிற்க வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், மிரட்ட வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பது தடுத்தல் ஆகாது. ஆதாரமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை நீதிமன்றத்துக்கு வரவிடாமல் அழிப்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவின்படி குற்றம். சாலையோரத்தில் அந்தக் குற்றத்தைச் செய்பவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காவல் நிலையத்துக்குள்ளேயே பதிவுசெய்தவர்களின் வழக்கும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் வார்தாவில் பக்கத்து வீட்டுத் தகராறுக்காக நிலையத்துக்குப் போனவர் அங்கே நடந்த பேச்சை செல்போனில் பதிவுசெய்தார். அவர் மீது 1923-ம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டத்தைப் பாய்ச்சினார்கள். எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவர்களுக்காக வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-ல் அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தச் சட்டம் சொல்லும் ‘தடைசெய்யப்பட்ட இடங்க’ளில் காவல் நிலையம் இல்லை என்று தெளிவாகவே கூறியது.

அரசே கேமரா வைத்திருக்கிறதே, மக்கள் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் சாத்தான்குளத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2020 ஜூனில் அங்கே காவலர்கள் கைதுசெய்த தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமித்து வைக்க இடம் இல்லாமல் அல்ல. இடம் தாராளமாக இருந்தது. அந்தக் கைதைப் பற்றிக் காவல்துறை சொன்ன கதையைப் பொய்யாக்கியது பக்கத்துக் கடைக்காரர் தன் கடைக்காகப் பொருத்தியிருந்த கேமராதான். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்று 2025-ல் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. கேமராவின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை அந்தக் கேமரா காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த அன்று அங்கத்திய போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையிலும் மருத்துவக் கோளாறு என்றுதான் இருந்தது. நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண்ணின் செல்போன் இல்லாவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

இப்படிப் படம் எடுப்பவரைக் காக்கும் சட்டத்தைத் தேடி நாம் அமெரிக்கா வரை போக வேண்டாம். செங்கோட்டையைத் தாண்டினால் போதும். 2011-ம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம், 33-வது பிரிவில், காவல்துறை நடவடிக்கைகளைப் பொதுமக்கள் சட்டப்படி ஒலியாகவோ ஒளியாகவோ பதிவுசெய்வதை எந்தக் காவல் அதிகாரியும் தடுக்கக் கூடாது என்கிறது. பொது இடத்தில் மட்டுமல்ல, தனியார் இடத்தில் நடந்தாலும் அப்படித்தான். மடப்புரத்தில் அடி விழுந்தது நடுத்தெருவில் அல்ல என்பதை நினைத்தால் அந்த வார்த்தையின் அருமை புரியும். இந்தச் சட்டத்தால் கேரளத்தில் காவல் பணி முடங்கிவிடவில்லை.

மறுதரப்பின் கவலைகளில் உண்மையானவையும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முகம், சிறார்களின் முகம் வெளியே வந்துவிடக் கூடாது. ஆனால் அதை வெளியிடுவது இப்போதே குற்றம். அதற்காகப் படம் எடுப்பதையே தடுக்க வேண்டியதில்லை. வீடியோவின் நடுத்துண்டை மட்டும் வெட்டிப் போட்டு நேர்மையான காவலரை அவமானப்படுத்துகிறார்கள் என்பதும் நடக்கிறது. பெருவெயிலில் சாலை நடுவே நின்று போக்குவரத்தைச் சீர்செய்யும் காவலரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, வேண்டுமென்றே சீண்டி, பார்வையாளர் சேர்க்கும் யூடியூபர்களை நாமும் கண்டிக்கிறோம். காவலரின் சட்டையிலேயே ஒரு கேமரா இருந்து, முழுப் பதிவும் பத்திரமாக இருந்தால் வெட்டிய துண்டு ஒரு நாள்கூட நிற்காது. பொய் வீடியோவை முறியடிக்க முழு வீடியோ வேண்டும். போனைப் பிடுங்குவது அதற்கு வழியல்ல.

மக்களைப் படம் எடுப்பதில் காவல்துறைக்கு இந்தத் தயக்கம் எதுவும் இருந்ததில்லை. ஆர்ப்பாட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் வீடியோவில் எடுக்கிறார்கள். கையில் மாவுக்கட்டோடு ஒரு இளைஞர் ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்தேன், இனி தப்பு செய்ய மாட்டேன்’ என்று கைகூப்பும் காட்சிகள் எத்தனை வந்தன! அவற்றை எடுத்தது யார், வெளியே விட்டது யார்? குற்றம் நிரூபணமாகாத ஒருவரின் முகத்துக்கு இல்லாத மறைப்பு, மக்கள் வரிப்பணத்தில் சீருடை அணிந்து பொதுப் பணி செய்பவருக்கு எந்த நியாயத்தில் வரும்?

தமிழ்நாடு அரசு கேரளச் சட்டத்தின் 33-வது பிரிவுக்கு நிகரான ஒரு திருத்தத்தை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். எழுத்துப்பூர்வமான உத்தரவோ ரசீதோ இல்லாமல் ஒருவரின் போனை வாங்கக் கூடாது, அதைத் திறக்கச் சொல்லக் கூடாது, அதில் உள்ளதை அழித்த காவலர் மீது துறை நடவடிக்கையோடு குற்ற வழக்கும் வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. டிஜிபி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, காலை அணிவகுப்பில் ஒவ்வொரு நிலையத்திலும் அதைப் படித்துக்காட்டச் சொல்ல இன்றைக்கே முடியும்.