காயமும் தழும்பும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் சிற்றூரேயாயினும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். பல்லவ மன்னன் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் அங்கேதான் கிடைத்தன. இராமாநுசரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவரான கூரத்தாழ்வார் பிறந்ததும் அங்கேதான். சோழ மன்னனின் சினத்திலிருந்து தம் குருவைக் காப்பதற்காக, அவருடைய காவியுடையைத் தாம் அணிந்து அரசவைக்குச் சென்ற கூரத்தாழ்வார், தம் இரு கண்களையும் இழந்தார் என்பது வைணவ மரபு. பின்னாளில் காஞ்சி வரதராசர் திருமுன் நின்று, தமக்குத் தீங்கு செய்த நாலூரானுக்கும் தாம் பெறப்போகும் நற்கதியே கிடைக்கவேண்டுமென வேண்டினார் என்றும் அம்மரபு கூறுகின்றது.

பகைவருக்காகச் செபிக்குமாறு ஆண்டவரால் கற்பிக்கப்பட்ட நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. எனினும் இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. கூரத்தாழ்வார் மன்னித்தாரேயன்றி, நடந்ததை நடவாததாகப் பாவிக்கவில்லை. மன்னிப்பது வேறு, மறப்பது வேறு.

நம் குடும்பங்களில் இவ்விரண்டும் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், சிறுவயதில் கொடுமைக்கு உள்ளான மகள், கண்ணெதிரே நண்பன் மூழ்கக் கண்ட இளைஞன் ஆகியோரிடம், “கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடு” என்கிறோம். அவர்களும் முயல்கின்றனர். ஆனால் இரவு வந்ததும் அதே காட்சி, அதே ஓலம், அதே நடுக்கம். “என்னால் மறக்க முடியவில்லையே, அப்படியானால் நான் மன்னிக்கவில்லையோ? என் விசுவாசம் குறைவுள்ளதோ?” என்று அவர்கள் தங்களையே குற்றவாளிகளாக்கிக் கொள்கின்றனர். பட்ட காயத்தின்மேல் இது இன்னொரு காயம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் பலரை வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் நெடுநாள் கடலைப் பார்க்கவும் அஞ்சினர். அவர்களுள் செபமாலையைக் கைவிடாதவர்களும் இருந்தனர். அச்சத்தை விசுவாசக் குறைவென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இத்தகைய துன்பத்தை மருத்துவ உலகம் ஒரு நோயாகவே கண்டறிந்துள்ளது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் என அதற்கு 1980-இல் அமெரிக்க உளமருத்துவ நூலில் இடம் தரப்பட்டது. மற்ற நினைவுகள் நாளடைவில் மங்கிப் பழங்கதையாகின்றன. இந்நினைவோ அவ்வாறு அடங்குவதில்லை. ஓர் ஓசையோ வாசனையோ தூண்டிய அளவில், அது இப்போதே நிகழ்வதுபோல் உடலைப் பற்றிக்கொள்கின்றது.

இதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று கண்ணசைவு முறை. பிரான்சின் ஷப்பிரோ என்னும் அமெரிக்க உளவியலார் 1987-இல் இதனைத் தொடங்கி, 1989-இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். எட்டுக் கட்டங்கள் கொண்ட இம்முறையில், முதலில் நோயாளியின் வரலாறு கேட்கப்படுகின்றது. மனத்தை அமைதிப்படுத்தும் வழிகள் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின்னரே அவர் அக்கொடிய காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சையாளரின் விரலைக் கண்களால் தொடர்கிறார். காஞ்சித் தறியில் நாடா இடமும் வலமுமாய் ஓடுவதுபோல் அவ்விரல் சிறிது நேரம் அசைந்து நிற்கும். அப்போது தோன்றியதை நோயாளி சொல்வார். மீண்டும் அசைவு தொடரும். அவர் முழு விழிப்புடனேயே இருப்பதால் இது மனவசியம் அன்று. நடந்தது அனைத்தையும் விரித்துரைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

இது எவ்வாறு பயனளிக்கின்றது? மனத்தின் கவனம் ஓரளவுக்கு உட்பட்டது. நினைவையும் விரலையும் ஒருங்கே பற்ற முயலும்போது நினைவின் கூர்மை மழுங்குகின்றது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு தேவைதானா, நினைவை அஞ்சாது எதிர்கொள்வதே போதாதா என வினவும் ஆய்வாளரும் உளர். அவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் சிகிச்சையால் பலர் நலம்பெறுவதைக் கருதி, உலக நல நிறுவனம் 2013-இல் இதனைப் பரிந்துரைத்தது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சையையும் உடன் பரிந்துரைத்தது. 2001 குஜராத் நிலநடுக்கத்திற்குப் பின் இந்தியாவிலும், ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலும் உளநலப் பணியாளர்கள் கண்ணசைவு முறையில் பயிற்றுவிக்கப்பட்டனர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதனைப் படித்துவிட்டு வீட்டில் ஒருவர் விரலசைக்க மற்றவர் பார்ப்பது தகாது. புதைந்த நினைவைக் கிளறியபின் அதைத் தாங்கப் பயிற்சி பெற்றவர் அருகிலிருக்க வேண்டும். அடியும் மிரட்டலும் இன்னும் தொடருமாயின், அந்த ஆபத்திலிருந்து அவரைக் காப்பதே முதற்கடமை. மன்னிப்பின் பெயரால் ஒருவரை மீண்டும் கொடுமைக்குள் அனுப்புவது அறமாகாது. உதவி நாடுவோர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்; 2022-இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அப்படியானால் செபம் எதற்கு? கால் முறிந்தவனை மருத்துவரிடம் தூக்கிச் செல்லும்போதும் நாம் செபிக்கத்தானே செய்கிறோம்! மனம் முறிந்தவருக்கும் அவ்வாறே இரண்டும் வேண்டும். பங்கில் உள்ள நாம் அவருக்குச் செய்யக்கூடியவை மூன்று: அறிவுரைக்கு முன் செவிகொடுப்போம், கேட்டதை ஊரறியச் செய்யாதிருப்போம், மருத்துவரிடம் செல்லும் நாளில் துணைக்குச் செல்வோம்.

நல்ல சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. அதன் எரிச்சலை ஆற்றுகின்றது. காயம் தழும்பாகின்றது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்முன் தோன்றியபோது ஆணிகளின் தழும்புகள் அவர் திருக்கரங்களில் இருந்தன. அவற்றை அவர் மறைக்கவில்லை. நம் நாட்டுத் திருத்தூதரான தோமையாரைத் தொட்டுப் பார்க்கவும் அழைத்தார். மாட்சிமை பெற்ற உடலிலேயே தழும்பு இருந்ததென்றால், நினைவு மாறாத நம் சகோதர சகோதரிகளைக் குறை கூற நாம் யார்?